தம்பி, எழுத்தில் வாங்கு

அன்புள்ள மகன்,

அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள் வந்து சேர்ந்ததா? போத்தல் மூடி இளக்கம், நிமிர்த்தி வை. மூன்று வாரமாக அம்மாவோடு மட்டும் கதைத்துவிட்டு ஃபோனை வைத்துவிடுகிறாய். வேலை கூடவாம். சரி, இருக்கட்டும்.

மேலிடத்தில் சட்ட வேலை ஒன்றுக்கு உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. உன்னுடைய முடிவு. ஒன்றே ஒன்று: யார் எதைச் செய்யச் சொன்னாலும் எழுத்தில் வாங்கு. திகதியோடு, கையெழுத்தோடு.

2018 டிசம்பர் 13 அன்று கொழும்பு புதுக்கடையில், உயர் நீதிமன்றத்தடியில் நின்று எனக்கு ஃபோன் எடுத்தாயே. "ஏழு நீதியரசர்களும் ஒரே முடிவு, அப்பா" என்று கத்தினாய். பின்னால் நின்ற சனத்தின் சத்தத்தில் மிச்சம் ஒன்றும் கேட்கவில்லை. நவம்பர் 9இல் ஜனாதிபதி மைத்திரி நாடாளுமன்றத்தைக் கலைத்த வர்த்தமானி அன்றோடு வெறும் காகிதம். நாலரை வருடம் ஆக முன் கலைப்பதென்றால் நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு கேட்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை பச்சையாகச் சொல்லியிருக்க, ஜனாதிபதியின் பொதுவான அதிகாரங்களைச் சொல்லும் 33ஐப் பிடித்துக்கொண்டு அவருடைய தரப்பு வாதாடியது. அந்தப் பூட்டைப் போட்ட அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் மைத்திரியின் காலத்திலேயே வந்தது என்பதுதான் வேடிக்கை. ஜனாதிபதியின் செயலை அடிப்படை உரிமை மனுவில் கேள்வி கேட்கலாம் என்று வழிவிட்டதும் அதே திருத்தம். உனக்குத் தெரியாததா? கலைப்பை எதிர்த்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா போட்ட மனுவை நீயே வாதாடி வென்ற மாதிரி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

முன்னாள் எம்.பி. ஒருவருக்கு, ஜனாதிபதியாக இருந்தபோது கோட்டாபய கொடுத்த பொதுமன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்ததே, அதை வாசித்தாயா? ஏன் மன்னித்தார் என்பதற்கு ஒரு காரணமும் எழுதப்படவில்லை என்பது அதில் பெரிதாக அடிபட்டது. கையெழுத்து வைக்கிறவர் ஜனாதிபதி. ஆனால் கோப்பைத் தயாரித்து மேசைக்குக் கொண்டுபோகிறவன் உன்னைப் போல ஒரு பிள்ளைதான். அதனால்தான் சொல்கிறேன், எழுத்தில் வாங்கு. பிரதி ஒன்றை வைத்துக்கொள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருடம் வழக்குப் பேசினவன் நான். ஏன் கேட்கவில்லை என்று நேற்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன்.

2013 ஜனவரி. நீ அப்போது ஓ.எல். படிக்கிறாய். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்காவை நீக்குகிற விவகாரம். அவரை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அந்த அதிகாரம் சட்டப்படி இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குழுவின் அறிக்கையையே இரத்துச் செய்தது. அதன் பிறகும் நாடாளுமன்றத்தில் 155க்கு 49 என்று வாக்கெடுத்தார்கள். இரண்டு நாளில் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த கையெழுத்து வைத்தார். இதை எதிர்த்துச் சட்டத்தரணிகள் நீதிமன்றம் போவதில்லை என்று முடிவு. நானும் கை உயர்த்தினேன். போகாமல் இருக்கவேண்டிய அன்று காலை ஒருவர் வந்து, வராதவர்களின் பெயர் குறிக்கப்படுகிறதாம் என்றார். வெறும் வாய்ச்சொல். எழுத்தில் ஒன்றுமில்லை. பெரிய காணி வழக்கு ஒன்று அன்று இருந்தது. உன் படிப்புக் காசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின் வாசலால் உள்ளே போனேன். சட்டத்தரணிகள் மேசையில் நான் ஒருவன்தான். வழக்குத் தவணை போட்டார்கள், அதுவும் ஐந்து நிமிடத்தில்.

2015இல் ஷிராணி அம்மையார் திரும்ப வந்து ஒரு நாள் பதவியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். டிவிக்கு முன்னால் நீயும் அம்மாவும் கை தட்டினீர்கள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். இது அம்மாவுக்கும் தெரியாது.

சத்தியப்பிரமாணத்துக்கு என் கறுப்புக் கோட்டைத்தான் போடுவேன் என்று நீ அடம்பிடித்தாய். பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லிப் புதிது தைப்பித்துத் தந்தேன். பூச்சி அரிக்கவில்லை, தம்பி. அது அலுமாரியில் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பா