கண்ணமங்கலத்தில் டயர் மாற்றிக் கொடுத்த அண்ணாவுக்கு

கத்திரி வெயிலில் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வாடகை வேனில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, உங்கள் குட்டி யானையை எங்களுக்குப் பின்னால் ஓரங்கட்டினீர்கள்.

எங்கள் பின் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. யாரும் கேட்காமலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடவிப் பார்த்தீர்கள். "உள்ளே நூல் அறுந்துபோச்சு, இந்தச் சூட்டுல எப்ப வேணா வெடிக்கும்" என்றீர்கள். டயரில் இருந்த 3115 என்ற எண்ணைக் காட்டி, 2015ஆம் வருஷம் 31ஆவது வாரம் செய்தது என்று விளக்கினீர்கள். அந்த எண்ணுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

எங்கள் டிரைவரோ, "ஒரு மாசமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்றார். ஒன்றும் ஆகாததுதான் வம்பே! அதிர்ஷ்டத்தில் தப்பித்த நாளையெல்லாம் டயர் நன்றாக இருந்த நாள் என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.

நீங்கள் வாதாடவில்லை. உங்கள் ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்துவந்து ஸ்டெப்னியை மாட்டினீர்கள். "போளூர்ல புது டயர் போட்டுக்கோ தம்பி, அதுவரைக்கும் அறுபதைத் தாண்டாதே." காசு நீட்டியதும் உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நமக்கு நல்ல நேரம்" என்றார் எங்கள் ஆயா. இருக்கட்டும். என் ஓட்டு உங்கள் கண்ணுக்குத்தான்.

அப்புறம் அண்ணா, உங்கள் வீல் ஸ்பேனர் எங்கள் வேனோடு வந்துவிட்டது. வண்டி நிறையத் தக்காளிப் பெட்டி ஏற்றியிருந்தீர்கள். இதைப் பார்த்தால், எங்கே கொண்டுவந்து தரவேண்டும் என்று சொல்லுங்கள்.