ஹோர்ன் நகரில் நாற்காலி தூக்கி வந்த பெரியவருக்கு

ஐயா, இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும். நெதர்லாந்தில் ஹோர்ன் போல நடப்பதற்குச் சுகமான ஊர் குறைவு. மேடே கிடையாது, எல்லாம் பக்கம் பக்கம். ஆனாலும் ரோடே ஸ்டேன் சதுக்கம் தாண்டி வந்த சந்தில் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. கதவைத் திறந்து சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டீர்கள். அத்தோடு விட்டிருந்தாலே பெரிய உதவி. அம்மா எழுந்ததும் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தீர்கள்! நாலு வீடு தாண்டியதும் போடுவது, அவர் உட்கார்வது, மறுபடி தூக்குவது. ஆளுக்குக் கொஞ்சம் தூக்கலாம் என்றால் விடவில்லை.

1532இல் கட்டிய ஹோஃப்ட்தோரன் கோபுரத்தடியில் கடைசியாகப் போட்டீர்கள். எதிரே இருப்பது ஒருகாலத்தில் கடல், 1932இல் அணை கட்டி மூடியபின் ஏரி என்று அங்கேதான் சொன்னீர்கள். நாங்கள் நாகப்பட்டினம் என்றதும் கொஞ்சம் தயங்கினீர்கள். 1658இல் எங்கள் ஊரைப் பிடித்த டச்சுக் கம்பெனிக்கு ஹோர்னிலும் ஒரு கிளை இருந்ததே! அதற்கெல்லாம் உங்களிடம் கோபித்துக்கொள்ள முடியுமா?

உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டாயே என்று அம்மா இன்னும் என்னைத் திட்டுகிறார். மிக்க நன்றி ஐயா.