வீட்டுக்குள்ள இருக்குறவங்களையும் வெயில் விடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அக்னி நட்சத்திரம் பத்தி போட்ட செய்தில, முதியவர்கள் மதியம் 12 முதல் 3 வரை வீட்டிலேயே இருந்தால் போதும்னு ஒரு வரி. படிச்சதுல இருந்து மனசு ஆறல சார்.

நான் வேலூர்ல கேஷுவாலிட்டில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. மே மாசம் தூக்கிட்டு வர்ற வயசானவங்க நிறைய பேரு வீட்டை விட்டு வெளிய காலே வைக்காதவங்க. ஷீட் போட்ட வீடு, ஃபேன் போட்டா அனல்தான் இறங்கும், வயசானா தாகமும் சரியா தெரியாது, பிரஷருக்கு நீர் போற மாத்திரை வேற சாப்பிடுவாங்க. எங்க மாமியாருக்கே இப்படி ஆச்சு, சாயங்காலம் என்னைப் பார்த்து செத்துப்போன அவங்க தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க, தூக்கக் கலக்கம்னு வீட்ல எல்லாரும் விட்டுட்டாங்க, நான் தொட்டுப் பாத்தா உடம்பு கொதிக்குது, ஒரு பொட்டு வேர்வை இல்ல. 104 டிகிரிக்கு மேல போய் பேச்சு குழறினா ஹீட் ஸ்ட்ரோக், உடம்பெல்லாம் தண்ணி நனைச்சு விசிறிக்கிட்டே 108க்கு அடிக்கணும், காய்ச்சல் மாத்திரை அதுக்குக் கேக்காது. இதை நீங்க ஒரு வருஷமாவது எழுதியிருக்கீங்களா?

லீவு விட்டா கிணத்துலயும் கல்குவாரி குட்டையிலயும் பசங்க மூழ்கி உயிர் போறதை உள்பக்கத்துல நாலு வரில முடிச்சிடுறீங்க. வாந்தி பேதில துவண்டு வர்ற குழந்தைக்கு ஒரு லிட்டர் தண்ணில கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கிக் குடுத்துட்டு வர்ற அம்மாங்களுக்கு யாரு சொல்றது? சித்தாள் வேலைக்குப் போறவங்களையும் டெலிவரி பசங்களையும் வெளிய போகாதீங்கன்னா அன்னைக்கு அடுப்பு எரியுமா?

2024ல அரசாங்கமே வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சு, இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம்னு சொல்லிடுச்சு. ஆனா வெயில்னாலதான் போனாங்கன்னு ரெக்கார்டுல ஏறணுமே, நீங்களோ மயங்கி விழுந்தவர் சாவுன்னு போட்டுட்டுப் போறீங்க.

உங்க பேப்பரை கல்யாணம் ஆன நாள்ல இருந்து வாங்குற வீடு எங்களது, அந்த உரிமைல கேக்குறேன். மே முடியற வரைக்கும் முதல் பக்கத்துல சின்னதா ஒரு கட்டம் போடுங்க, குழந்தைக்கு என்ன, வேலைக்குப் போறவங்களுக்கு என்ன, வயசானவங்களுக்கு என்னன்னு தனித்தனியா. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், அதைப் படிக்க வேண்டியவங்களுக்குக் கண்ணு சரியா தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
வேலூர்