அவர் வரவில்லை, புங்கம் பூத்துவிட்டது

மதுரை
பங்குனிக் கடைசி

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பங்குனி உத்திரம், அக்கா பேத்திக்குக் காதுகுத்து என்று நாள் ஓடிப்போய், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. பெங்களூரில் ரோட்டோரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது, கப்பன் பூங்காவில் நடந்தால் தலையிலேயே விழுகிறது என்று எழுதியிருந்தாய். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, அது அமெரிக்கக் கண்டத்து மரம், நம் மரம் இல்லை என்று நீயே போட்டு உடைத்துவிட்டாய். தாவரவியல்காரி புத்தி எங்கே போகும்!

இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது. அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி என்று நீ எழுதவே இல்லை, அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிப்பாய். மாசியிலிருந்து பத்தே பத்துப் பாட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தமும் சேர்த்தால் முப்பது வரிதான் தேறும். சங்க நூலான ஐங்குறுநூற்றில் வரும் இளவேனில் பத்து. ஐந்து திணைக்கு ஐந்து புலவர், ஆளுக்கு நூறு பாட்டு என்ற கணக்கெல்லாம் நமக்குக் காலேஜில் மனப்பாடம். ஆனால் கபிலரின் குறிஞ்சியோடு நம் பாடம் முடிந்துவிட்டது. பாலை பாடிய ஓதலாந்தையார் பக்கம் யாரும் நம்மைக் கூட்டிப்போகவில்லை.

பத்துப் பாட்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். ‘அவரோ வாரார் தான்வந் தன்றே.’ இளவேனிலில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர் வரவில்லை, இளவேனில் மட்டும் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டிலும் அந்தப் பெண் ஓர் அடையாளத்தைக் காட்டுகிறாள். குயில் கூவுகிறது. நுணா மணக்கிறது. கோங்கின் மொட்டு உடைகிறது. மாமரத்துக் கொம்பு மறையும்படி தளிர் வந்துவிட்டது. அவ்வளவுதான், பாட்டு முடிந்துவிடும். பங்குனியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு டிக்கெட்கூட எடுக்காத ஓர் ஆள் பெங்களூரில் இருக்கிறாள். அவளை நினைத்துக்கொண்டு படித்தால் பாட்டு இன்னும் நன்றாகவே புரிகிறது!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் கூடிப் படிக்கிறோம் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சார், எதிர்வீட்டு சயின்ஸ் டீச்சர், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, இன்னும் ஓரிருவர். இந்தப் பத்தை நான் எடுத்ததும் போஸ்ட்மாஸ்டர் சாருக்குப் பிடிக்கவில்லை. “ஒரே பாட்டைப் பத்துத் தரம் எழுதின மாதிரி இருக்கேம்மா” என்றார். நான் விடவில்லை. தன் நெஞ்சு என்ன பாடு படுகிறது என்று அவள் அதிகம் சொல்லிக்கொள்வதே இல்லை, கவனித்தாயா? வாசலைத் தாண்டித்தான் பார்க்கிறாள். ஆளைக் காணோம் என்ற கோபத்தில் மரம் மரமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். எந்தப் பூ உதிர்கிறது, எது இப்போதுதான் அரும்புகிறது என்று அவளுக்கு அத்துப்படி. காத்துக்கிடக்கிறவள் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும் என்பது என் கட்சி. சரி, அப்படியானால் நாமும் வெளியே போய்ப் பார்த்துவிடலாம் என்று டீச்சர் சொன்னார். அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து.

முதலில் புங்கம். நம் தெருமுக்கில் ரேஷன் கடைக்கு முன்னால் நிற்கிறதே, அதே மரம். மாசியில் இலையெல்லாம் கொட்டி நின்றது. இப்போது பளபளவென்று இளம்பச்சையில் புதுத் தளிர், அதற்குள் கொத்துக் கொத்தாகப் பூ. வெள்ளையில் லேசாக ஊதா ஓடிய சின்னப் பூ. காம்பருகே பழுப்பாக ஒரு கிண்ணம். கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தால் அவரைப் பூவின் அமைப்புதான். காலையில் மரத்தடி முழுக்க உதிர்ந்து கிடக்கிறது, தேனீ இரைச்சல் தலைக்கு மேலே. ‘பொரிப்பூம் புன்கு’ என்று ஓதலாந்தையார் சொல்லும்போது எனக்கு அலங்காரமாகத்தான் பட்டது. தரையில் பார்த்த பிறகு வேறு எப்படிச் சொல்வார் என்று தோன்றியது. குறுந்தொகையிலும் இதே மரம் வருகிறது. முற்றத்து வெண்மணலில் புங்கம்பூ உதிர்ந்து கிடப்பது, முருகனின் பூசாரி வேலன் வெறியாடும் களத்தில் செந்நெல் பொரியைச் சிதறியது போல இருக்கிறதாம். வெள்ளை மணலில் வெள்ளைப் பூ, அதையும் பார்த்திருக்கிறார்கள்! காலையில் பெருக்க வருகிற அம்மாவிடம் இதைச் சொன்னேன். “பொரியா இருந்தாத் தின்னுடலாமே, இதைக் கூட்டி மாளலையே” என்றார். அதுவும் நியாயம்தான்.

வேம்பைத் தேடவே வேண்டாம். பத்தாவது பாட்டில் வேம்பின் பூ தூறல் போல உதிர்கிறது. பாண்டியர் சூடிய பூவும் அதுதானே, மதுரையில் அதற்கா பஞ்சம். ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து, காலையில் அள்ளி, நிழலில் உலர்த்தி, காம்பையும் குச்சியையும் புடைத்து எடுத்து டப்பாவில் போட்டிருக்கிறேன். வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் போக மிச்சம் ரசத்துக்கு ஆகும். உனக்கும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன்.

மாந்தளிர் பார்க்க நத்தம் பக்கம் போக வேண்டும் என்றிருந்தேன். அழகர்கோயில் ரோட்டுத் தோப்புகளிலேயே கிடைத்துவிட்டது. ‘எரிகால் இளந்தளிர்’, அதாவது நெருப்பைக் கக்குகிற மாதிரித் தளிர் என்கிறார். செம்பு நிறத்தில் தொங்கும் தளிரில் காலை வெயில் பட வேண்டும், அப்போதுதான் அந்த வரி விளங்கும். அதே அடிவாரத்தில் ஓர் ஆறுமணிக்குருவியையும் கேட்டோம். பனிக்காலத்தில் வடக்கே இருந்து நம் பக்கம் இறங்கி வந்து, சித்திரை வாக்கில் திரும்பிப் போகிற குருவி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். ஒன்பது நிறம் அதன் மேல் என்பார்கள். நாங்கள் பார்த்தது சருகைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு முதுகைத்தான்.

நுணா, அதுதான் நம் மஞ்சணத்தி, சாமநத்தம் கண்மாய்க் கரையில் பார்த்தோம். பச்சை முண்டுக்காயின் மேல் ஒன்றிரண்டாக வெள்ளைப் பூ ஒட்டிக்கொண்டிருக்கும். மணம் என்னவோ மல்லிகைக்குச் சளைத்ததில்லை. சின்ன வயதில் அந்தக் காயில் ஈர்க்குச்சி செருகித் தேர் செய்து உருட்டியிருக்கிறோமே, நினைவிருக்கிறதா? ஜவுளிக்கடைத் தம்பி அப்படி விளையாடியதே இல்லையாம். செய்து காட்டினேன். கண்மாயில் தண்ணீர் வற்றி வற்றி நடுவில் ஒரு குட்டை மாதிரி நின்றது. அதில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன.

ஆற்றுப் பாட்டில்தான் தோற்றுப்போனோம். முதல் பாட்டில் குயிலோடு, நீர் சுருங்கிய ஆற்றில் நுண்மணல் அலையலையாக நெளிவதும் வருகிறது. வைகையில் ஆகாயத்தாமரையைக் காட்டலாம், சீமைக்கருவேலைக் காட்டலாம். மணல் நெளிவதை எங்கே போய்க் காட்ட? அழகருக்காக அணையில் தண்ணீர் திறந்து விடும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குயில் விஷயத்தில் எனக்கு ஓதலாந்தையாரோடு ஒரு சின்னச் சண்டை. குயிற்பேடை இனிய குரலில் கூவுகிறது என்கிறார். கூவுவது ஆண். கன்னங்கரேல் என்று, கண் மட்டும் சிவப்பாக, விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. பேடை பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. அதன் குரல் கிக் கிக் என்று வெடுக்கென்று இருக்கும். எங்கள் பின்வாசல் முருங்கையில் காக்கைக் கூட்டைச் சுற்றி அதன் நடமாட்டம் தொடங்கிவிட்டது, எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டாம். அவ்வளவு பார்த்த புலவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? காத்திருப்பவள் பெண், அதனால் கூவுகிறதும் பெண்ணாகவே இருக்கட்டும் என்று விட்டிருப்பார் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தச் சண்டையில்தான் போஸ்ட்மாஸ்டர் சார் மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கிருஷ்ணன், நாம் படித்த ‘பத்மாவதி சரித்திரம்’ மாதவையாவின் மகன்தான். 1950-இல் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுத ஆரம்பித்து, 1996-இல் சாகும்வரை எழுதியவர். தமிழில் எழுதியது கொஞ்சம்தான், ஆனால் என்ன தமிழ்! பறவையைப் பற்றி அவர் பாடம் எடுப்பதில்லை, வம்பு பேசுகிறார். நீ வாங்கியே ஆக வேண்டிய புத்தகம். கிடைக்காவிட்டால் சொல், இங்கே தேடிப் பார்க்கிறேன். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் திறந்த பிறகு எனக்கு உட்கார்ந்து படிக்க ஏசி போட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது. மத்தியான வெயிலுக்கு அங்கே அடைக்கலம்.

அரிட்டாபட்டிக்கும் போய்வந்தோம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, மேலூர்ப் பக்கம், அந்த ஊர்தான். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் கிளம்பி, 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்ய வைத்த கதை உனக்குத் தெரியும். மலையில் சமணர் படுக்கை, பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கல்வெட்டு, அந்தப் பக்கம் சிவனுக்குக் குடைவரை, அதில் சிவனின் வடிவமான லகுலீசர் சிற்பம். பாறை உச்சியில் வல்லூறு ஒன்று காற்றில் அப்படியே நின்றுவிட்டுச் சரிந்தது. தம்பி கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கே வெயில் சுட ஆரம்பித்துவிட்டதால் இறங்கிவிட்டோம். நீ வந்தால் இன்னும் வெள்ளனவே கிளம்ப வேண்டும்.

மாடித்தோட்டம் பற்றிக் கேட்டாய். வெண்டை சுமார், கத்தரியில் மாவுப்பூச்சி. குண்டுமல்லி மட்டும் ஏமாற்றவில்லை. மார்கழிக் கடைசியில் ஒட்டக் கவாத்து செய்து, தையில் மண்ணைக் கிளறி எரு வைத்தேன், இப்போது அரும்பு கட்டுக்கட்டாக வருகிறது. காலையில் மொட்டாகப் பறித்து வைத்தால் சாயங்காலம் தலையில் விரியும், தெரியாததா உனக்கு.

கடைசியாக ஒரு சந்தேகம், இதை நீதான் தீர்க்க வேண்டும். இந்தப் பத்தில் கொன்றை இல்லை. நம் ரோட்டுச் சரக்கொன்றை சித்திரையில்தானே மஞ்சளாகத் தொங்கும்? கேரளத்தில் விஷுக் கணிக்கே அந்தப் பூதான். ஆனால் சங்கப் பாட்டில் கொன்றை என்றால் கார்காலம். குறுந்தொகையில் கோவர்த்தனார் பாட்டு ஒன்று இருக்கிறது. கொன்றை பூத்துவிட்டது, அவர் வரவில்லையே என்று கலங்குகிறவளிடம் தோழி சொல்கிறாள்: இந்த மரத்துக்கு அறிவில்லை, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்மழை என்று நம்பிப் பூத்துவிட்டது. ஆளைக் காப்பாற்ற மரத்தை முட்டாளாக்கிவிட்டாள் பார்! கொம்பில் கொடிகொடியாகத் தொங்கும் கொத்து என்று பாட்டே சொல்வதால், அது வேறு கொன்றை என்றும் தப்பிக்க வழியில்லை. வெயிலில் பூத்த மரம் மழைக்குப் பிறகு இன்னொரு தரம் பூக்கும், அதைத்தான் பாடியிருக்கிறார்கள் என்பது டீச்சர் கட்சி. அன்றைக்குப் பருவமே வேறு என்பது போஸ்ட்மாஸ்டர் சார் கட்சி. காலேஜில் நீ செடி ஒட்டி ஒட்டித் தேதி போட்டு வைத்த ஹெர்பேரியம் நோட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் கொன்றைப் பக்கத்தில் என்ன மாதம் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல். முடிந்தால் நோட்டையே தூக்கிக்கொண்டு வா.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு மட்டும் வந்து இறங்காதே, தெருவுக்குள் நுழைய முடியாது. திருக்கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்துவிடு. அண்ணனையும் கூட்டி வா, மலை ஏறச் சொல்லமாட்டேன். வரும்போது அந்த மல்லேஸ்வரம் காப்பிப்பொடி அரைக் கிலோ.

மற்றவை நேரில்.

அன்புடன்,
கலா

பி.கு.: பூ விலை இறங்கியிருக்கிறது. போன மாதம் முழம் கேட்டால் முறைத்த பூக்காரம்மா இப்போது கூப்பிட்டுக் கொடுக்கிறார்.