இசிஜி நார்மல், அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜனங்கள் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வைத்தியம் பார்த்துவிட்டுப் போகிற ஊர் எங்கள் வேலூர். எனக்கு வந்தது என்னவென்று தெரிந்துகொள்ள இதே ஊரில் ஒன்றரை வருஷம் ஆனது.

வேலூர் மண்டித் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 46. முந்தின வருஷம் சித்திரை மாதம், விருதம்பட்டு தாண்டி பாலாற்றுப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது முதல் தடவை வந்தது. நெஞ்சு திடுதிடுவென்று அடித்து, விரலெல்லாம் மரத்து, சட்டை நனைந்து, சரி, இதோடு முடிந்தது, பெண்ணுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லையே என்று நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) இசிஜி எடுத்தார்கள். நார்மல். "ஒண்ணுமில்லை, கேஸ்தான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் ஐந்து இசிஜி, ஒரு எக்கோ, தைராய்டு டெஸ்ட், நடுவில் அம்மா கட்டிவிட்ட தாயத்து. எல்லாமே நார்மல், தாயத்து உள்பட.

இசிஜி எடுத்ததைக் குறை சொல்லவில்லை. நெஞ்சு வலித்தால், அதுவும் சுகர், பிபி இருக்கிற வயதில், முதலில் இதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும். என் வருத்தமெல்லாம் அந்த "ஒண்ணுமில்லை"யில்தான். ஒண்ணுமில்லாமலா செத்துப்போகிற மாதிரி இருந்தது?

கடைசியில் ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டரம்மா ஒருவர்தான் பேர் சொன்னார், பேனிக் அட்டாக். ஆபத்து வந்துவிட்டதாக உடம்பு தப்பாக நினைத்து அட்ரினலினைக் கொட்டுகிறதாம். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், அரைமணிக்குள் இறங்கிவிடுமாம். வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துபோகிறது, விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "நல்லா இழுத்து மூச்சு விடுங்க சார்" என்று சொல்லச் சொல்ல எனக்கு ஏன் அதிகமானது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம். மூக்கால் நாலு எண்ணுகிறவரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணுகிறவரை விடவேண்டும். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொல்கிறவர்களும் உண்டு, அது வேண்டாம் என்றார். உள்ளே நிஜமாகவே இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் ஆபத்தாம்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பெரிசு. "அடுத்த தடவை வந்தா விரட்டாதீங்க, மணி பாருங்க, எழுதி வையுங்க." எழுதுவதுதானே நம்ம தொழில். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, வந்த நேரத்தை வரவுப் பக்கமும் போன நேரத்தைச் செலவுப் பக்கமும் போட ஆரம்பித்தேன். நாலு மாதத்தில் பதினொரு வரவு, பதினொரு செலவு. ஒன்றுகூடத் தங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான், வந்தால் வரட்டும் என்று உட்கார முடிந்தது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்பதற்காக "வா வா" என்று நடித்தால் மனசு கண்டுபிடித்துவிடுகிறது, படபடப்பு கூடத்தான் செய்கிறது. நிஜமாகவே அரைமணி அது இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் நான் ஜன்னல் வழியாக வறண்ட ஆற்று மணலையும் லாரிகளின் நம்பரையும் பார்த்துக்கொண்டு, கம்பியின் சூட்டைக் கையால் தொட்டுக்கொண்டு இருப்பேன்.

நடுவில் பஸ்ஸே வேண்டாம் என்று ஒரு மாதம் லீவு போட்டுப் பார்த்தேன். வீட்டு வாசலிலேயே வந்தது! ஓட ஓடத் துரத்தும். அதுவுமில்லாமல் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் சோறு, எத்தனை நாளைக்குத் தவிர்ப்பது? ஒரு நாளைக்கு ஏழு டீ குடித்துக்கொண்டிருந்தேன், இப்போது இரண்டு. இதில் அடங்காதவர்களுக்குப் பேச்சு வழியிலான சிகிச்சையும் மாத்திரையும் இருக்கின்றன, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மனநல டாக்டரைப் பார்க்கப்போகிறேன் என்று கடையில் சொன்னதும் ஒருத்தர் "என்ன, பாகாயமா?" என்று சிரித்தார். இத்தனை வருஷமாகப் பாகாயத்தில் மனநல மருத்துவமனை இருக்கிறது, எங்கள் ஊரில் அந்தப் பேரே கேலியாகிவிட்டது.

இசிஜி நார்மல் என்று சீட்டு கொடுக்கிற டாக்டர்கள் இன்னும் இரண்டு நிமிஷம் ஒதுக்கி, இது பேனிக் அட்டாக்காக இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி போன் எண் 14416 இருக்கிறது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தினமும் தங்கம் விலை போடுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் அந்த ஐந்து எண்ணுக்கு ஒரு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு வாசகர்