ஆலைத் தளத்தில் காய்ந்த எங்கள் புத்தகங்கள்

அன்பின் உறவுகளுக்கு,

வெள்ளம் வடிந்து இது மூன்றாவது கிழமை. அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியிருக்கும் எவருக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் சனசமூக நிலைய வாசிப்பு வட்டத்தின் புத்தகங்கள் பிழைத்துவிட்டன. நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி அலுமாரியைக் கயிறு கட்டி இழுத்த தம்பிமாருக்கும், டீசல் காசுகூட வாங்க மறுத்த உழவு இயந்திரக்கார அண்ணைக்கும், பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வவுனியாவிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட நண்பருக்கும், "என்ன வேணும், சொல்லுங்கோ" என்று வெளிநாடுகளிலிருந்து அழைத்த பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

ஆனால் என் மனம் முழுக்க நிற்பது ஒரு அக்கா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரிசி ஆலையில் நெல் காயவிடும் வேலை அவருக்கு. காலபோக அறுவடைக்கு நாள் கிடந்ததால் தளம் வெறுமையாக இருந்தது. ஊறிப் பருத்த புத்தகங்களை அங்கே கொண்டுபோய் இறக்கினோம். நல்ல வெயிலில் விரித்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்பது எங்கள் எண்ணம். அக்கா விடவில்லை.

"கடும் வெயில்ல போட்டா நெல்லே வெடிச்சுக் குறுணலாப் போகும். தாள் தாங்குமே?"

முதல் இரண்டு நாளும் தாழ்வார நிழலும் காற்றும் மட்டும். பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு பத்திரிகைத் துண்டு வைத்து, அது ஈரத்தை உறிஞ்சியதும் உருவிவிட்டு வேறொன்று. பிறகுதான் காலை இளவெயில், அதுவும் கொஞ்ச நேரம். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுக்கவே இல்லை. மூலையில் மெல்ல ஊதி ஊதிப் பிரித்தார். அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள்ளும் சேறு நின்றது.

ஐந்தாம் நாள் எடுக்கப் போனோம். நாங்கள் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் ரிக்கற், கோழி இறகு, தேயிலைப் பெட்டியில் வெட்டிய மட்டை எல்லாவற்றையும் தனியே காயவைத்து, அந்தந்தப் புத்தகத்தில் அந்தந்த இடத்திலேயே திரும்ப வைத்திருந்தார். மணிமேகலையைத் திறந்தேன். எழுத்தெல்லாம் அழிந்துபோன ரிக்கற் 27ஆம் காதையில் கிடந்தது. சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கை சொல்லும் அந்தக் காதையில்தான் இரண்டு மாதமாக நாங்கள் நகர முடியாமல் நின்றோம்.

"விட்ட இடம் தெரியாட்டி திரும்ப முதல்ல இருந்தெல்லோ தொடங்கோணும்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒருமுறை காப்பியம், அடுத்தமுறை அறிவியல் புனைகதை என்பது எங்கள் ஒழுங்கு. மணிமேகலா தெய்வம் மணிமேகலையை வான்வழியே 30 யோசனை தூரம் கொண்டுபோய் மணிபல்லவத் தீவில் விட்டதை வாசித்த கையோடு, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட நாவலை எடுத்தோம். இலங்கையைப் போன்றதொரு தீவிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதை அது. ஆங்கிலத்தில் இருந்ததை ஒரு ஆசிரியை பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லித் தந்தார். அதைக் கேட்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மணிமேகலை கையிலிருந்த அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை நினைத்து, "அமுதசுரபிக்குச் சோறு எங்கயிருந்து வருது? எங்கயாவது குறைஞ்சால்தானே இங்க கூடும்?" என்று கேட்டது. இரண்டையும் சேர்த்து வாசித்ததால்தான் அந்தக் கேள்வி பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனித்தனியே வாசித்திருந்தால் காப்பியத்தைக் கும்பிட்டு வைத்திருப்போம், புனைகதையை வியந்து மூடியிருப்போம்.

காப்பியத்தில் காயசண்டிகை என்ற பெண்ணின் யானைத்தீ, அந்தத் தீராப் பசி, வந்த இடத்தில் பெரியவர்கள் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. 2009இன் இறுதிப் போரைக் கடந்து வந்தவர்கள் அவர்கள்.

அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை என்ற பெண். இனி அந்த வரிகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆலைத் தாழ்வாரம்தான் தெரியும்.

புத்தகங்களை ஏற்றும்போது அக்கா கேட்டார்: "கடைசியில அந்தப் பிள்ளை மணிமேகலைக்கு என்ன நடந்தது?" அழியாமல் மிஞ்சிய நெல் தளத்துக்கு வருமுன், மிச்சமுள்ள நான்கு காதைகளையும் அங்கேயே உரத்து வாசித்து முடிப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்குகிறோம். எல்லோரும் வாருங்கள். பாய் ஒன்று கொண்டு வாருங்கள், நிலம் இன்னும் ஈரம்.