மூன் ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

தாய்லாந்தில், மூன் ஆற்றின் கரையில் உள்ள உபோன் ராச்சதானியிலும் வாரின் சம்ராப்பிலும் எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்,

வணக்கம். ஆறு வருடம் உங்கள் ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 2024 மார்ச் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் விருதுநகருக்குத் திரும்பினோம். கிளம்புவதற்கு முன் உங்கள் மொழியில் ஒரு பக்கம் எழுதி, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் வந்தோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்த தாய்லாந்து மொழி மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் மொழி. 'மிக்க நன்றி', 'மறக்க மாட்டோம்' என்பதற்கு மேல் அதில் எழுத வரவில்லை. மனதில் இருப்பது முழுவதும் தமிழில்தான் இருக்கிறது. அதனால் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்க முடியாது, சரி. எங்கள் ஊர் ஆட்களாவது உங்களைத் தெரிந்துகொள்ளட்டும்.

முதல் நன்றி நூடுல்ஸ் கடை அக்காவுக்கு. 2018 மே மாதம், பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இவருக்கு நடு இரவில் காய்ச்சல் கொதித்தது. தெருவில் உங்கள் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. ஓடி வந்து, கைப்பேசியில் ஆஸ்பத்திரிப் படத்தைக் காட்டி, பக்கமா தூரமா என்று சைகையில் கேட்டேன். 'க்லாய்' என்றீர்கள். அந்தச் சொல்லைச் சமமான குரலில் சொன்னால் தூரம். குரல் மேலிருந்து விழுந்தால் பக்கம். அந்த வித்தியாசம் அப்போது என் காதுக்குப் பிடிபடவில்லை. தூரம் என்று நினைத்துக்கொண்டு உங்கள் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீங்கள் அடுப்பை அணைத்தீர்கள். சரக்கு ஏற்றும் பக்கவண்டியில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. டெங்கு என்று மறுநாள் தெரிந்தது. நாலு நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தீர்கள், காசு வாங்கவில்லை. அன்றைக்கு எங்கள் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது, ஆங்கிலத் துறையின் மூத்த ஆசிரியைக்கு. பெரியம்மா என்ற பொருளில் 'பா' என்றுதான் உங்களைக் கூப்பிடுவோம். எங்களை அங்கே அனுப்பிய தரகு நிறுவனம், அதன் பெயர் இங்கே வேண்டாம், முதல் இரண்டு மாதச் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தது. விசாக் காகிதங்களையும் தன்னிடமே வைத்திருந்தது. வேறு வேலை தேடலாம் என்று விளம்பரங்களைப் பார்த்தால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக்காரர்கள் மட்டும் என்று போட்டிருக்கும். நாங்கள் இரண்டு பேருமே பி.எட். முடித்தவர்கள், ஊரில் எட்டு வருடம் பாடம் நடத்தியவர்கள். இருந்தும் அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. பா, நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்துக்கு நேரில் வந்தீர்கள். குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் காகிதங்கள் கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. அடுத்த பருவத்தில் பள்ளியே எங்களை நேரடியாக ஒப்பந்தத்தில் எடுக்க வைத்தீர்கள்.

நாங்கள் இருந்த காலத்தில் வெளிநாட்டு ஆசிரியர் என்றால் காகிதம் ஓயாது. நீல அட்டை போட்ட வேலை அனுமதிப் புத்தகம், தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரி அறிவிப்பு, குருசபா தரும் இரண்டு வருடத் தற்காலிகக் கற்பித்தல் அனுமதி. ஆசிரியர் கவுன்சிலுக்கு உங்கள் நாட்டில் 'குருசபா' என்று பெயர் என்பதைக் கேட்ட அன்று எனக்கு அவ்வளவு ஆச்சரியம். ஆசிரியரை நீங்கள் 'க்ரூ' என்பதும் நம் குருதான். உங்கள் ஊர்ப் பெயரே உற்பல ராஜதானி, தாமரைத் தலைநகரம். தெரியாத ஊர் என்று பயந்து வந்த எங்களுக்கு இப்படி ஒவ்வொரு சொல்லாகக் கதவு திறந்தது. அதைத் திறந்துவிட்டது பாதி நேரம் நீங்கள்தான், பா. தொண்ணூறாவது நாளை நாங்கள் மறந்தாலும் நீங்கள் மறந்ததில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்ல? வகுப்புக்கு நாற்பத்திரண்டு பேர். நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, 'குட் மார்னிங் டீச்சர்' என்று ராகம் போட்டுச் சொல்வீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், காய்ச்சலில் இருக்கிற பிள்ளையும் சேர்ந்து 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ' என்று சொல்லும். அந்த ஒரு வரியை உடைத்து, 'எனக்குத் தலைவலி', 'எனக்குப் பசிக்கிறது' என்று உண்மையைச் சொல்ல வைக்க எங்களுக்கு ஒரு பருவம் முழுதாகப் பிடித்தது.

சொல்லின் கடைசி ஒலி உங்களுக்கு வராது. 'ரைஸ்', 'ரைட்' இரண்டுமே 'ரை' மாதிரி நின்றுவிடும். 'ஸ்கூல்' என்பது 'சகூன்' ஆகும். பென்ஸ் என்று பட்டப்பெயர் வைத்த பையனை எல்லோரும் 'பென்' என்றுதான் கூப்பிட்டீர்கள். கடைசி எழுத்தை விடாமல் சொல்ல வேண்டும் என்று காட்டுவதற்காக, நம் மெய்யெழுத்துக்கு வைப்பது போல அதன் தலையில் புள்ளி வைத்து எழுதிப்போட்டேன். நீங்கள் இன்னும் அக்கறையாக அதை விழுங்கினீர்கள். ஒரு வாரம் கழித்து, முன் பெஞ்சில் இருந்த பெண் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். உங்கள் எழுத்தில் ஓர் எழுத்தின் தலைமேல் சுழி போட்டால் அதை உச்சரிக்கக் கூடாது என்று அர்த்தம்! நான் சொல்லு என்று வைத்த புள்ளியை நீங்கள் சொல்லாதே என்று படித்திருக்கிறீர்கள். நான் தவறு சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளை கைகாட்டவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவளுக்குத் தனியாக ஒரு நன்றி. அன்றிலிருந்து அடிக்கோடு போட்டேன். மெதுவாக வந்தது.

ஜூன் மாதத்து வியாழக்கிழமையை எப்படிச் சொல்வேன்! குருவை வணங்கும் நாள். அந்த முதல் வருடம், இவர் டெங்குவிலிருந்து அப்போதுதான் தேறியிருந்தார். மேடையில் ஆசிரியர்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். நீங்கள் முட்டிபோட்டு வந்து, பூத்தட்டை எங்கள் முன் நீட்டினீர்கள். வெளிநாட்டுச் சடங்கு, எதுவும் புரியப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே தட்டைப் பார்த்தேன். அருகம்புல். நெற்பொரி. கத்தரிப்பூ. அப்புறம் நம் வீட்டு வேலியில் பூக்கும் இட்லிப்பூ. அருகம்புல்லைப் பிள்ளையாருக்கு வைப்போம். பொரியைப் பூஜைக்கு வைப்போம். அவற்றை ஒரு ஆசிரியரின் மடியில் வைத்து நான் பார்த்ததில்லை. பா பக்கத்தில் குனிந்து ஒவ்வொன்றாக விளக்கினார். அருகம்புல் மிதித்தாலும் படரும், கற்பவனுக்கு அந்தப் பொறுமை வேண்டும். இட்லிப்பூ மொட்டு ஊசிமுனை, புத்தி அப்படிக் கூர்மையாக வேண்டும். கத்தரிப்பூ தலை குனிந்தே பூக்கும், அது பணிவு. பொரி வெடித்துச் சிதறுவது போலக் கல்வி பரவ வேண்டும். சொந்த ஊரில் வேலை பார்த்த எட்டு வருடத்தில் எங்களை ஒருவர் அப்படி வணங்கியதில்லை. வீட்டுக்கு வந்து இவர் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, 'நாளையிலிருந்து இன்னும் ஒழுங்காகத் தயார் பண்ணிக்கொண்டு போக வேண்டும்' என்றார். சொன்னபடியே செய்தார்.

பள்ளி உணவகத்து அக்காவுக்கும் ஒரு வார்த்தை. நான் சைவம். வடகிழக்குத் தாய்லாந்தான ஈசான் பகுதியில் மீன் சாறு சேராத சமையல் தேடினாலும் கிடைக்காது. பப்பாளிக்காய்ச் சாலட்டில் ஊறவைத்த மீன் கட்டாயம். நீங்கள் எனக்கென்று தனி மண் உரலும் மர உலக்கையும் வாங்கி, ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்தீர்கள். ஆறு வருடம் அதில் வேறு யாருக்கும் இடிக்கவில்லை. பாங்காக் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலில், பாஸ்போர்ட் வேலையாகப் போகும்போதெல்லாம் தமிழில் பேசி வயிறாரச் சாப்பிட வைத்த குடும்பத்துக்கும் நன்றி. நீங்கள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் இரவு ரயிலில் 575 கிலோமீட்டர் எங்களோடு வந்து, அந்த உணவகத்து அக்காவுக்கும் பிடித்துப்போனது.

இனி அம்மாச்சி. பக்கத்து வீட்டுப் பாட்டி. 'யாய்' என்றால் உங்கள் ஊரில் அம்மாவைப் பெற்றவள். எங்கள் பக்கம் அம்மாச்சி என்போம். எனக்கு உங்கள் எழுத்தைக் கற்றுக்கொடுத்தது நீங்கள். தாய்லாந்து எழுத்து கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். ஆனால் எகர, ஐகார ஒலிக்கான குறிகளை எழுத்துக்கு முன்னால் போட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெ, கை எழுதும்போது நாமும் முன்னால்தானே போடுகிறோம்! பல்லவர் காலத்து எழுத்து கடல் தாண்டிப் போய்க் கெமர் எழுத்தாகி, அதிலிருந்து உங்கள் எழுத்து வந்தது என்று பிறகு படித்தேன். நீங்கள் அதையெல்லாம் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து எழுத வைத்தீர்கள். வேலிக்கு மேல் முருங்கைக்காயை நீட்டுவீர்கள். நான் சாம்பார் வைத்துத் திருப்பித் தருவேன். புளி கூட என்று ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள், கிண்ணத்தை வழித்தும் வைப்பீர்கள்.

2022 வெள்ளத்தை நம் தெரு மறக்காது. செப்டம்பர் கடைசியில் நோரு புயல் கொட்டிய மழை ஈசான் முழுவதும் பெய்தது. சீ ஆறு மேலேயே மூனோடு சேர்ந்துவிடுவதால், அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி மேகோங்கைச் சேர நம் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். 2019லும் வந்தது, அப்போது வாசலோடு நின்றது. இந்த முறை நிற்கவில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு தாழ்வு. மணல் மூட்டை அடுக்கியும் பயனில்லை. பள்ளி விடுமுறை என்பதால் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சொல்லாமலே வந்து, குளிர்சாதனப் பெட்டியையும் புத்தகப் பெட்டிகளையும், அம்மாச்சி, உங்கள் மர வீட்டு மாடிக்கு ஏற்றினார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான். சான்றிதழ்கள் இருந்த பையைப் பரணில் மறந்துவிட்டு வந்துவிட்டோம். பள்ளிக் காவலாளிப் பெரியப்பா மறுநாள் படகில் போய், கழுத்தளவுத் தண்ணீரில் நின்று எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் பட்டங்கள், பாஸ்போர்ட், நீலப் புத்தகம், எல்லாம் அதில்தான் இருந்தன. பையை என் கையில் வைத்து அழுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பெரியப்பா, அன்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

மாடியும் தாங்காது என்று ஆனபோது எல்லோரும் புத்த கோயில் மண்டபத்துக்குப் போனோம். அங்கே ஒரு தொண்டர் குடும்பவாரியாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், 'கேக்' தனிப் பட்டியல் என்றார். நல்ல மனிதர், விதிமுறை அப்படி. அந்தச் சொல்லை நாங்கள் முதல் நாளிலிருந்து கேட்டிருக்கிறோம். விருந்தாளி என்று அர்த்தம், இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். அம்மாச்சி, நீங்கள் பாயிலிருந்து எழுந்து வந்தீர்கள். 'கேக் இல்லை, லூக் லான்' என்றீர்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 'என் வீட்டு எண்ணில் எழுது' என்று விரலை நோட்டின் மேல் வைத்துக் காட்டினீர்கள். அவர் எழுதினார். பத்தொன்பது இரவு அந்த மண்டபத்தில் உங்கள் வீட்டு எண்ணில்தான் எங்களுக்குச் சோறும் தண்ணீரும் வந்தது.

கிளம்பும் முன் நீங்களும் தெருக்காரர்களும் எங்களுக்குக் காப்புக் கட்டினீர்கள். வாழையிலைக் கூம்பு நடுவில், சுற்றி எல்லோரும். உடம்பில் 'குவன்' என்னும் உயிராவி முப்பத்திரண்டு இருக்கிறது, பயணம் போகிறவரிடமிருந்து அது வழிதவறிப் போய்விடாமல் நூலால் கட்டிவைக்க வேண்டும் என்பது உங்கள் நம்பிக்கை. இரண்டு கையும் முழங்கைவரை வெள்ளை நூல். மூன்று நாளாவது கழற்றக் கூடாது என்றீர்கள். மதுரை விமான நிலையத்தில் அம்மா அதைப் பார்த்து, எந்தக் கோயில் கயிறு என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து உங்களைப் பற்றிச் சொன்னேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பேத்தியின் கைப்பேசியில் வருகிறீர்கள். திரையில் பாதி நெற்றி, பாதி கூரை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், 'கின் காவ் லேவ் போ?' எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது புரிகிறது. இங்கேயும் அதைத்தான் முதலில் கேட்போம். அம்மாவும் பக்கத்தில் வந்து நின்று, 'சாப்பிட்டாச்சு, நீங்க சாப்டீங்களா?' என்று தமிழிலேயே சத்தமாகக் கேட்கிறாள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் இரண்டு க்ரூக்கள்,
விருதுநகர்